மடி கெடாத எண்ணெய்

எண்ணெய் செத்துப்போவதை நான் தினமும் பார்க்கிறேன். அதுதான் என் உத்தியோகம். கழக்கூட்டம் என்கிற ஊரில் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிற ஒரு தனியார் உணவுச் சோதனைக்கூடத்தில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். சிப்ஸ் கம்பெனிக்காரர்களும் பேக்கரிக்காரர்களும் ஓட்டல்காரர்களும் தங்கள் வாணலியிலிருந்து மொண்டு அனுப்புகிற எண்ணெய், சின்னச் சின்ன பாட்டில்களில் என் மேஜைக்கு வந்து சேரும். பழைய எண்ணெயை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால் வாணலிக்குள் வைத்துத்தான் பார்த்திருப்பீர்கள், அதுவும் பக்கத்தில் சுடச்சுட வடை இருக்கும்போது. பாட்டிலில் தனியாக ஊற்றி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்த்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும். பாட்டிலைச் சாய்த்தால் ஓடாது, யோசித்து யோசித்து நகரும். மூடியைத் திறந்தால் புதிதாக வார்னிஷ் அடித்த கதவின் நாற்றம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். இப்போது எடுப்பதில்லை. ஆனால் குமட்டல் போகவில்லை, அடக்கக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான்.

விஷயம் எளிமையானதுதான். எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அது உடையும். உடைந்த துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கனக்கும். எண்ணெயில் முதலில் இல்லாத என்னென்னவோ பிறக்கும். கண்ணையும் தொண்டையையும் அறுக்கிற புகையும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். இப்படிக் கெட்டது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளக்க ஒரு வழி உண்டு. நூற்றுக்கு இருபத்தைந்தைத் தாண்டினால் அந்த எண்ணெயை மறுபடி அடுப்பில் ஏற்றக்கூடாது என்பது சட்டம். தாண்டியதை நான் எழுதி அனுப்புவேன். அதற்குப் பிறகு அவர்கள் கொட்டுகிறார்களா, அல்லது என் அறிக்கையை மடித்து மிக்ஸருக்குப் பொட்டலம் கட்டுகிறார்களா, எனக்குத் தெரியாது.

சிப்ஸ் தனிக் கதை. கிழங்கையும் மாவையும் கடும் சூட்டில் பொரித்தால் அக்ரிலமைட் என்று ஒன்று உண்டாகும். சிவக்கச் சிவக்க அது ஏறும். புற்றுநோயை வரவழைக்கக்கூடும் என்று உலகம் பூராவும் சந்தேகப்படுகிற வஸ்து. இதை ஒரு சிப்ஸ் கம்பெனி முதலாளிக்குப் பொறுமையாக அரை மணி நேரம் விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு, “கறுத்தாலே ருசியுள்ளூ, மேடம்” என்று மலையாளத்தில் சொல்லிச் சிரித்தார், கறுத்தால்தான் ருசியாம். போகும்போது மேஜையில் ஒரு பாக்கெட் சிப்ஸ் வைத்துவிட்டுப் போனார். நான் அதைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். துப்புரவு செய்ய வருகிற அம்மா அதை எடுத்துப் பிரித்து என் எதிரிலேயே நின்று தின்றாள்.

இப்படி ஒரு வேலை பார்த்துவிட்டு பஸ் பிடித்துக் கரமனையில் இருக்கிற வீட்டுக்குத் திரும்பி வருகிறவளோடு குடும்பம் நடத்துவது எப்படி என்று என் கணவரைக் கேட்டால் சொல்வார். நான் வார்க்கும் தோசைக்கு அவர் வைத்த பெயர் ஆஸ்பத்திரி தோசை. அவருக்கு ஓரம் கறுத்து முருக வேண்டும். அப்பளத்தை இடுக்கியில் பிடித்து நேரே தீயில் காட்டி, பாதி கரியான பிறகுதான் வாயில் போடுவார். கரிந்ததை நான் பிடுங்கிப் போட்டால், “உன் ஆபீஸை ஆபீஸோட வச்சுக்கோ” என்பார். எங்கள் தெருவில் தீபாவளிக்கு முறுக்கு சுட்ட எண்ணெயைத் தூக்கில் வடித்து வைத்து, கார்த்திகை வரைக்கும் தோசைக்கும் தாளிதத்துக்கும் விட்டுத் தீர்ப்பார்கள். நான் மீந்ததை அன்றைக்கே அப்புறப்படுத்திவிடுவேன். அதனால் தெருவில் எனக்கு ஊதாரி என்று பெயர். இருந்துவிட்டுப் போகட்டும்.

போன வருஷம் மழைக்காலத்தில், ஆனி மாதம் ஒரு காலை, ஆபீஸுக்குக் கிளம்பிய என் கணவர் பஸ் நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வயது ஐம்பத்துமூன்று. இதயத்துக்குப் போகிற குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரு பட்டியலே சொன்னார். அதில் நான் பத்தொன்பது வருஷமாகச் சொல்லி வந்ததும் இருந்தது. வெளியில் பொரித்த எதையும் தொடாதீர்கள், திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் உங்கள் ரத்தக்குழாய்க்கு எதிரி என்றார். நான் சொல்லி ஏறாதது டாக்டர் சொல்லி ஒரே தடவையில் ஏறியது. எனக்கு ஒரு பக்கம் எரிச்சல், ஒரு பக்கம் அழுகை. அன்றிலிருந்து அவர் வடை தொடவில்லை. கரிந்த அப்பளமும் போயிற்று. ஆஸ்பத்திரி தோசையைக் குறை சொல்லாமல் சாப்பிட்டார். மனுஷர் பயந்துவிட்டார். அந்தப் பயத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அது போய்விடவும் கூடாதென்று இருந்தது.

தை மாதம் அவர் அம்மாவின் ஸ்ராத்தம் வந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஸ்ராத்தம் என்பது பித்ருக்களுக்கு, அதாவது இறந்துபோன முன்னோர்களுக்கு, வருஷத்தில் ஒரு நாள் சாப்பாடு போடுவது. இறந்தவர்களின் இடத்தில் இலைக்காரர்கள் என்று இரண்டு பேரை உட்கார்த்தி, இலை போட்டு, கேட்டுக் கேட்டுப் பரிமாற வேண்டும். அவர்கள் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை வீட்டில் யாரும் எதையும் வாயில் வைக்கக்கூடாது. முகர்ந்து பார்க்கவும் கூடாது. முகர்ந்தால் தின்ற மாதிரிதான். சமைக்கிறவர் மடியாக இருக்க வேண்டும். அதாவது குளித்துவிட்டு, தனியே உலர்த்திய துணி உடுத்தி, மடியில் இல்லாத ஆளையும் பொருளையும் தொடாமல் இருக்க வேண்டும். மடியில் இல்லாத கை பட்டால் பட்டது எதுவானாலும் உதவாது. இலைக்காரர்கள் சாப்பிட்டு மீந்ததை, காரியம் பண்ணுகிற பிள்ளை கட்டாயம் சாப்பிட வேண்டும். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு உரிமை இல்லை. அந்தச் சாப்பாட்டில் உளுந்து வடையும் அதிரசமும் உண்டு, இரண்டும் நல்லெண்ணெயில் பொரித்தவை. மழைக்காலத்திலிருந்து பொரித்தது ஒன்றும் தொடாத மனுஷர் அன்றைக்கு அந்த வடையைச் சாப்பிட்டே ஆக வேண்டும். நான் ஒரு வாரமாக அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். புது எண்ணெயில் சுட்ட வடை ஒன்று, பாதகமில்லை என்று எனக்கு நானே தேற்றிக்கொண்டேன்.

எங்கள் பழைய வீட்டை இடித்து ஃபிளாட் கட்டிய பிறகு ஸ்ராத்தத்தை வீட்டில் பண்ண வசதியில்லை. ஆற்றுக்குப் போகிற வழியில் இதற்கென்றே ஒரு மண்டபம் இருக்கிறது. ஒரே நாளில் மூன்று குடும்பங்கள் மூன்று அறையில் காரியம் பண்ணலாம். அடுப்படி மூவருக்கும் ஒன்று, சமையல்காரரும் ஒருவர். எட்டு வருஷமாக அங்கேதான் பண்ணுகிறோம். அடுப்படிப் பொறுப்பை என் நாத்தனார் பார்த்துக்கொள்வாள், நான் வெளி ரேழியில் உட்கார்ந்திருப்பேன். இந்த வருஷம் அவளுக்கு முழங்காலில் ஆபரேஷன். அதனால் பரிமாறுகிற வேலை என் தலையில் விழுந்தது.

மண்டபத்துக் கிணற்றடியில் குளித்து, மடியாக ஒன்பது கஜம் கட்டிக்கொண்டு, முதல் தடவையாக அந்த அடுப்படிக்குள் காலை வைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவு சுத்தமான அடுப்படியை நான் எங்கேயும் பார்த்ததில்லை. தரை கழுவித் துடைத்துக் கண்ணாடியாக இருந்தது. அடுப்பு மேடையில் கோலம். வெண்கலப் பானை பளபளத்தது. சமையல் மாமா அறுபது வயதுக்காரர், நெற்றி நிறைய விபூதியோடு ஈர வேட்டியில் நின்றார். காய்கறியை ஒவ்வொன்றாக மூன்று தண்ணீரில் அலம்பினார். இப்படிப்பட்ட ஆள் நூறு பேர் எங்கள் ஊர் ஓட்டல்களில் இருந்தால் எனக்கு உத்தியோகமே இருக்காது என்று நினைத்தேன்.

பிறகு வாணலியைப் பார்த்தேன்.

உள்பக்கம் விளிம்பைச் சுற்றிக் கறுப்பாக, தடிமனாக, ரோடு போடுகிற தார் மாதிரி ஒன்று அப்பியிருந்தது. நடுவில் இருந்த எண்ணெயில் வாணலியின் அடி தெரியவில்லை. மேலே கருந்துகள்கள் மிதந்தன. எந்த வடையின் எந்த விளிம்போ, யார் வீட்டுப் பித்ருவுக்குச் சுட்டதோ. மாமா ஒரு புது பாக்கெட்டைக் கத்தரித்து, மஞ்சளாக, அழகாக, அதன் தலையில் ஊற்றினார். அந்த மஞ்சள் ஒரு நொடி தனியாக நின்றது. பிறகு அதுவும் உள்ளே போய்ச் சேர்ந்தது. 

“மாமா, இந்த எண்ணெய் என்னிக்கு விட்டது?”

“இப்பத்தானே விட்டேன் மாமி, கண்ணால பாத்தேளே.”

“அது மேலே விட்டது. அடியில இருக்கறது?”

“அடியில இருக்கறது எப்பவும் இருக்கும்.”

“எப்பவும்னா?”

“மஹாளயத்துக்கு விட்டேன். அதுக்கப்புறம் குறையக் குறைய மேலே விட்டுண்டு வரேன். ஒரு சொட்டு வெளியே போகலை. ஒருத்தர் கை படலை. முழு மடியாக்கும், கேட்டேளா.”

மஹாளயம் புரட்டாசியில். நாங்கள் நின்றுகொண்டிருந்தது தை மாதத்தில். நான்கு மாதம், அநேகமாகத் தினமும், மூன்று மூன்று குடும்பத்துக்கு. அவர் முகத்தில் மறைப்பு என்பதே இல்லை. பெருமைதான் இருந்தது. திருடன் என்றால் திட்டிவிட்டுப் போகலாம். இவரை என்ன செய்வது?

“அப்பப்போ கொட்டிட்டு அலம்பி வைக்கப்படாதா மாமா?”

“எங்கே கொட்டறது? பித்ரு காரியத்துக்கு விட்ட எண்ணெய். ஜலதாரையில விட்டா நாலு பேர் காலில படும். வெளியே குடுத்தா கண்டவா கடையில கொண்டுபோய் பஜ்ஜி போடுவா. அதெல்லாம் மஹா பாவமல்லே?” என்றார். பிறகு எனக்கு ஆறுதலாகச் சொல்வதுபோல, “அக்னியில காயறது மாமி. அக்னியில காஞ்சா எல்லாம் சுத்தம்” என்றார்.

பத்தொன்பது வருஷமாக நான் படித்து, சோதித்து, எழுதி அனுப்பியதெல்லாம் அந்த ஒரு வரிக்கு நேர் எதிர். நெருப்பில் காய்வதால்தான் அது கெடுகிறது என்பதை அவரிடம் எந்த வார்த்தையில் சொல்வது?

சொல்லத்தான் செய்தேன். என் கணவருக்கு ஸ்டென்ட் வைத்திருப்பதைச் சொன்னேன், டாக்டர் சொன்னதைச் சொன்னேன், நான் பார்க்கிற வேலையைச் சொன்னேன். எங்கள் குடும்பத்துக்கு மட்டும் வேறு வாணலியில் புது எண்ணெய் வைக்கக் கேட்டேன். வேறு வாணலி மடியில் இல்லை என்றார். ஒரு கரண்டி எண்ணெயாவது கொடுங்கள், வெளியே கொண்டுபோய், காரியம் பண்ணிவைக்கிற வாத்தியாரிடம் காட்டுகிறேன் என்றேன். இலைக்காரர் சாப்பிடுவதற்கு முன்னால் அடுப்படியிலிருந்து ஒரு பருக்கை வெளியே போகாது என்றார். அடுப்பைப் பெரிதாக வைத்தார். எண்ணெயிலிருந்து நீலமாகப் புகை கிளம்பியது. என் மூக்கு தானாகச் சுளித்திருக்க வேண்டும்.

“மாமி, முகந்து பாக்கப்படாது!” என்று பதறினார்.

“நான் முகரலை மாமா. அதுவா வந்து மூக்குல ஏறறது.”

“ஸ்ராத்த வடை சாப்ட்டு ஒருத்தருக்கும் ஒண்ணும் வந்ததில்லை. நீங்க போய் இலையை அலம்புங்கோ” என்று திரும்பிக்கொண்டார்.

எங்கள் அறையில் வாத்தியார் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். என் கணவர் முந்தின நாள் ராத்திரியிலிருந்து பட்டினி, முகம் வாடியிருந்தது. ஜாடை காட்டி வாசல்பக்கம் வரவழைத்தேன்.

“ஏன்னா, எண்ணெய் தார் மாதிரி இருக்கு. நாலு மாசத்துப் பழசு. நீங்க அந்த வடையைச் சாப்பிடவேண்டாம்.”

“சாப்பிடாம எப்படி இருக்க முடியும்? உனக்குத் தெரியாதா?”

“துளி வாயில வச்சுண்டு பின்னாடி போய்த் துப்பிடுங்கோ.”

அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். “அம்மா காரியத்துல துப்பச் சொல்றியா?” என்றார். பயந்தவர்தான், சாவுக்குப் பயந்தவர்தான், ஆனால் அதற்கு அவர் தயாராக இல்லை. திரும்பிப் போனவர் நின்று, தாழ்ந்த குரலில் கேட்டார்: “எட்டு வருஷமா இதே மண்டபம். அப்பல்லாம் உன் மூக்கு எங்கே போச்சு?”

நான் ரேழியில் வந்து உட்கார்ந்தேன். என் மூக்கு எங்கேயும் போகவில்லை. எட்டு வருஷமும் என் முகத்தில்தான் இருந்தது. இதே ரேழியில், இதே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, உள்ளேயிருந்து வந்த அந்த வார்னிஷ் நாற்றத்தை ஒவ்வொரு வருஷமும் முகர்ந்திருக்கிறேன். முதல் வருஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. இன்றைக்கு லீவு, இது என் வேலை இல்லை என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் திறந்தால், மருமகள் ஸ்ராத்தச் சமையலை முகர்ந்து பார்த்தாள் என்று நாத்தனார் ஊர் பூராவும் சொல்வாள். அந்தப் பேச்சுக்குப் பயந்தேன். சாப்பிட்டேன். மீந்த வடையைக் கட்டிக்கொண்டு வந்து சாயங்காலம் அவருக்குக் காப்பியோடு கொடுத்தும் இருக்கிறேன். ஊரான் அனுப்புகிற பாட்டிலைத் தூக்கிப் பிடித்து முகம் சுளிக்கத் தெரிந்தவள், சொந்தப் புருஷன் தட்டில் அதையே வைத்திருக்கிறேன். அந்த வாணலியைப் பார்த்து வந்த குமட்டலைவிட என்னை நினைத்து வந்தது பெரிதாக இருந்தது.

வருஷத்துக்கு ஒரு நாள் சாப்பிடுகிற இரண்டு வடையால் ஒருவருக்கு ரத்தக்குழாய் அடைபடாது. அது எனக்குத் தெரியும், யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் உள்ளே இரண்டு கம்பி வலையை வைத்துக்கொண்டு, ஏழு மாதமாக உப்பையும் எண்ணெயையும் அளந்து தின்று, ராத்திரி நெஞ்சில் கையை வைத்தே தூங்குகிற மனுஷர் வாயில், தெரிந்தே அந்தக் கறுப்பைப் போக விடுவதா? மாட்டேன் என்று தோன்றிவிட்டது.

ரேழியில் ஆணியில் என் ஆபீஸ் கைப்பை தொங்கியது. தோல் பை. பஸ்ஸில், ஆபீஸில், ஓட்டலில், எங்கெங்கோ வைத்து எடுத்தது. மடியில் இருக்கிறவள் அதன் பக்கத்தில்கூடப் போகக்கூடாது. எழுந்தேன். பையை எடுத்து, ஒன்பது கஜத்தின் மேல் தோளில் மாட்டிக்கொண்டேன். அடுப்படிக்குள் போனேன். மாமா அதிரச மாவை உருட்டிக்கொண்டிருந்தார். வடை மாவைத் தொடவில்லை. பாயசத்தைத் தொடவில்லை. காய்கறியின் பக்கம் போகவில்லை. எதைத் தொட வேண்டும், எதைத் தொடக்கூடாது என்பதில் நான் பழகினவள். நேரே போய் வாணலியின் காதை ஒரு கையால் பிடித்தேன். சுட்டது. பிடித்துக்கொண்டேதான் இருந்தேன்.

“ஐயோ மாமி! என்ன பண்றேள்! தோல் பை!” என்று மாமா போட்ட கூச்சலில் பக்கத்து அறை மந்திரம் நின்றுபோனது.

“தொட்டுட்டேன் மாமா. இனிமே இது ஆகாது, கொட்டிடுங்கோ.”

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லி மாளாது. வாத்தியார் நேரம் போகிறது என்று குதித்தார். அன்றைக்கு அங்கே காரியம் பண்ண வந்திருந்த மற்ற குடும்பத்தார் வாசலில் கூடி நின்று என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். “படிச்ச திமிர்” என்று ஒரு குரல். என் கணவர் என்னைப் பார்க்காமல் திரும்பி அறைக்குள் போனார். நான் மறுபடி கிணற்றடிக்குப் போய்த் தலையோடு தண்ணீரை விட்டுக்கொண்டு, மாற்று மடிப்புடவை கட்டிக்கொண்டு வந்தேன். மாமா எண்ணெயைப் பழைய பக்கெட் ஒன்றில் சாய்த்தார். அது விழுந்தபோது சத்தமே வரவில்லை, கூழ் மாதிரி இறங்கியது. வாணலியை மறுபடி மடியாக்கப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, கடைசியில் இரும்புக் கரண்டியால் சுரண்டினார். உள்ளே அப்பியிருந்தது பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து விழுந்தது. நாறியது. அடியில் வெள்ளையாக இரும்பு தெரிந்தபோது அவரே கொஞ்சம் உற்றுப் பார்த்த மாதிரி எனக்குத் தோன்றியது.

“இப்போ இதை எங்கே கொட்டச் சொல்றேள்? நீங்களே சொல்லுங்கோ” என்று பக்கெட்டைக் காட்டிக் கேட்டார். கண்ணில் தண்ணீர் நின்றது.

“பழைய எண்ணெய் எடுக்கறவா வருவா மாமா. நான் போன் பண்றேன். சோப்பு பண்ணுவா, வண்டிக்கு டீசல் பண்ணுவா.”

“பித்ரு எண்ணெயில வண்டி ஓட்டறதா! சீ!” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த முகம் எப்படிச் சுளித்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் முகம் தினமும் மேஜை முன்னால் அப்படித்தான் சுளிக்கும்.

புது பாக்கெட்டுகள் பிரிக்கப்பட்டன. சுத்தமான வாணலியில், அடி தெரிகிற எண்ணெயில், மூன்று குடும்பத்துக்கும் வடை பொன்னாக வெந்தது. முக்கால் மணி நேரம் தாமதம், ஆனாலும் வாத்தியார் நேரம் தாண்டவில்லை என்று முணுமுணுத்தபடி ஒப்புக்கொண்டார். இலைக்காரர்கள் இருவரும் உட்கார்ந்தார்கள். ஒருவர் தடித்தவர். மற்றவர் என் கணவர் வயதுதான் இருப்பார், ஒல்லி, எட்டு வருஷமாக எங்களுக்கு வருகிறவர். இலையில் உட்கார்ந்தவர்கள் பேசக்கூடாது. நன்றாக இருக்கிறது என்றும் சொல்லக்கூடாது, நன்றாக இல்லை என்றும் சொல்லக்கூடாது. பித்ருக்கள் சாப்பிடுவதாகத்தானே கணக்கு. நான் பரிமாறினேன். ஒல்லியானவர் வடையைப் பிட்டு வாயில் வைத்தவர், ஒரு கணம் மெல்லுவதை நிறுத்தி வடையைப் பார்த்தார். பிறகு இரண்டாவதுக்குக் கையைக் காட்டினார்.

அவர்கள் எழுந்த பிறகு என் கணவர் இலைமுன் உட்கார்ந்தார். வடையைப் போட்டேன். என்னை நிமிர்ந்து பார்க்காமல் முழு வடையையும் சாப்பிட்டார். மழைக்காலத்துக்குப் பிறகு அவர் சாப்பிட்ட முதல் வடை. கடைசி விள்ளலை வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். என்மேல் கோபம் தீரவில்லை என்பது தெரிந்தது, வடை பிடித்திருந்தது என்பதும் தெரிந்தது. எனக்கு அது போதும். தெருவில் என்ன வேண்டுமானாலும் பேசட்டும், இந்த மனுஷர் வாயில் அது போகவில்லை என்று நெஞ்சு நிமிர்ந்தே இருந்தேன்.

கிணற்றடியில் பாத்திரத்தை வைக்கப் போனபோது, அந்த ஒல்லியானவர் கையலம்பிக்கொண்டு நின்றார். வாங்கிய வேட்டியும் தேங்காயும் அக்குளில் இருந்தன. சுற்றும் பார்த்துவிட்டுப் பேசினார்.

“மாமி, ஒண்ணு சொல்லணும். சொல்லப்படாதுதான்.”

“சொல்லுங்கோ.”

“இன்னிக்கு நெஞ்சு எரியலை.”

எனக்கு உடனே புரியவில்லை. “மத்த நாள்ல எரியுமா?” என்றேன்.

“மாசத்துல இருபது நாள் எனக்கு இங்கேதான் இலை. ஆத்துக்குப் போனதும் சோடா உப்பைக் கரைச்சுக் குடிப்பேன். அப்பறமும் படுக்க முடியாது. சுவத்துல சாஞ்சுண்டே இருப்பேன். டாக்டர், எண்ணெய்ப் பலகாரத்தை விடுங்கோன்னார். நான் எப்படி விடறது? இலையில போட்டதை வேண்டாங்கப்படாதே.” அவர் குரலில் புகார் இல்லை. “உள்ளே அந்தப் பழசு இன்னும் ஒரு டின் இருக்கு மாமி. சமையல் மாமா வடிச்சு வச்சிருக்கார், நாளைக்கு அதை விட்டுடுவார்.”

எட்டு வருஷமாக இவருக்கு நான் இலை போட்டுக் கும்பிட்டு அனுப்பியிருக்கிறேன். என் வீட்டு மனுஷர் வருஷத்துக்கு ஒரு நாள் சாப்பிடுவதற்காகக் கையைச் சுட்டுக்கொண்ட எனக்கு, தினமும் சாப்பிடுகிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்பது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

“நாளைக்கும் ரெண்டு ஆத்து ஸ்ராத்தம் இருக்கு,” என்றார் அவர். “காலம்பற பத்து மணிக்குத்தான் வாணலி வைப்பார். நீங்க ஒரு நடை வந்து தொட்டுட்டுப் போவேளா?”

விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

“நாளைக்கு எனக்கு ஆபீஸ் இருக்கு மாமா,” என்றேன்.

“ஆமாம், ஆமாம்” என்று அவசரமாகத் தலையாட்டிவிட்டு, செருப்பைத் தேடி வாசலுக்குப் போனார்.